ஈரத் துணி

மெஹபூப் பாஷா அந்தப் பாத்திரத்தைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். நாலு ரப்பர் கால்கள் இருந்தன. நெருப்பு வருகிற வழி எதுவும் தென்படவில்லை. முன்பக்கம் திருகுவதற்கு ஒரு குமிழ், பின்பக்கம் ஒரு ஒயர், உள்ளே ஊறுகாய் ஜாடி போலக் கனத்த கறுப்புப் பீங்கான் தொட்டி, அதற்கு ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான் விஷயம். நாற்பத்தோரு வருஷமாகச் செம்பு அண்டாக்களோடு குடித்தனம் நடத்தியவர், ராயப்பேட்டையிலிருந்து நந்தனம் வரை எந்த மண்டபத்தில் நிக்காஹ் நடந்தாலும் பிரியாணிக்கு முதலில் கூப்பிடப்படுகிறவர், அந்தக் குட்டிச் சாமானின் முன்னால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அது அவருடைய மகள் ரூஹியின் ஸ்லோ குக்கர். ரூஹி இறந்து இன்றோடு நாற்பது நாள்.

டெங்கு என்றார்கள். மொத்தம் எட்டு நாள். முதல் மூன்று நாள் அவளே போனில் சிரித்துக்கொண்டு, சாதாரண ஜுரம்தான், நீங்க வராதீங்க, உங்களுக்கு ஒட்டிக்கும் என்று சொன்னாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரி. எட்டாம் நாள் விடியற்காலை தௌசீஃப், அவளுடைய புருஷன், போன் செய்து எதுவுமே பேசவில்லை. முப்பத்தோரு வயது. குழந்தை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் குழந்தை இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் கைசர் ஜஹான் டீ கொடுத்து அனுப்பினாள். மெஹபூப் பாஷா அந்த டீயில் உப்பைப் போட்டிருக்கலாம் என்று நினைத்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவில், போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து வைத்து, ஓதி, வந்தவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அவருடைய மாமனாருக்கு ஆட்டுக்கால் பாயாவோடு ஒரு கட்டு பீடியையும் தட்டில் வைத்து, ஓத வந்த ஹஜ்ரத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை மீர்சாகிப்பேட்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரூஹிக்கு என்னென்ன வைப்பது என்று கைசர் ஜஹான் போன வாரம் விரல் விட்டு எண்ணினாள். பிரியாணி, தால்ச்சா, கேரட் அல்வா, உப்பும் மிளகாயும் போட்ட மாங்காய். எண்ணி முடித்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவ பண்ணுவாளே, கடலை சாக்லேட்டு. அத நான் பண்றேன்."

"நீங்களா?" என்றாள் கைசர் ஜஹான்.

அந்த வீட்டில் சாதாரணமாகப் பேசுவது உருது. கோபம் வந்தால்தான் தமிழ். இந்த நாற்பது நாளாக இருவரும் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார், மனசு லேசாகியிருக்கும்.

கேட்பதற்கு நிறைய இருந்தது. துபாயிலிருந்து கைசர் ஜஹானின் தங்கை ஷகீலா கொண்டுவந்து கொடுத்த இந்தக் குக்கரை வைத்துக்கொண்டு ரூஹி நாலு வருஷமாக சாக்லேட் செய்தாள். கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில், இரண்டு அறை வாடகை வீட்டில். கடலையும் பாதாமும் முந்திரியும் போட்டு, உருகிய சாக்லேட்டில் புரட்டி, ஸ்பூனால் அள்ளி வைத்த சின்னச் சின்னக் குவியல்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பாள், ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். மயிலாப்பூரில் கொலுவுக்கு வாங்கினார்கள், அடையாறில் பிறந்தநாளுக்கு வாங்கினார்கள், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற தேவானை என்று ஒருத்தி வாராவாரம் வாங்கினாள். ஊரே சாப்பிட்டது. பெற்ற அப்பா மட்டும் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை.

"சுகர்" என்று சொல்லிவிடுவார். சுகர் இருந்தது உண்மைதான். ஆனால் அதே ஆள் கல்யாண வீடுகளில் ஜர்தா இனிப்புச் சோற்றுக்குச் சீனி சரியாக இருக்கிறதா என்று விரலால் வழித்து வழித்துப் பார்ப்பவர். ஒரு முறைக்கு நாலு முறை. அது தொழில், இது வேறு என்பார். ரூஹி டப்பாவைத் திறந்து நீட்டுவாள், அவர் சுகர் என்பார், அவள் மூடிவிடுவாள். நாலு வருஷமும் இதே கச்சேரிதான்.

உண்மையான காரணம் அவருக்குத் தெரியும். அடுப்பில்லாமல், கரண்டி பிடிக்காமல், வியர்க்காமல் செய்கிற எதையும் அவரால் சமையல் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு முறை வேப்பேரியில் ஒரு வரவேற்புக்குச் சோறு கொஞ்சம் குழைந்துபோயிற்று என்று முப்பது கிலோ பிரியாணியைப் பந்திக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, மறுபடி உலை வைத்த மனுஷர். கல்யாண வீட்டார் கத்திக்கொண்டே இருந்தார்கள், இவர் அரிசி களைந்துகொண்டே இருந்தார். அப்படிப்பட்டவருடைய பெண் ஒரு பிளக்கைச் சொருகிவிட்டு டிவி பார்த்துக்கொண்டு எதையோ செய்து விற்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நந்தனத்தில் ஒரு பெரிய கல்யாணம். எண்ணூறு பேர். ரூஹி காலையிலேயே மண்டபத்தின் பின்பக்கம் வந்துவிட்டாள். கையில் ஒரு பெரிய தட்டு, மேலே மெல்லிய காகிதம் போட்டு மூடியிருந்தது. "ஒரே ஒரு தட்டு. பான் வெக்கிற மேஜையில, ஓரமா. சாப்ட்டுட்டு போறவங்க வேணும்னா ஒண்ணு எடுத்துக்கட்டும்" என்றாள். அவர் அப்போது அண்டாவை மூடித் தம் போட்டு முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். "என் பந்தியில டப்பா மிட்டாய் வெக்க மாட்டேன். அடுப்பில்லாம பண்றதெல்லாம் சமையலா?" என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். ரூஹியும் சிரித்தாள். தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டு, ஸ்கூட்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்து போனாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சிரித்ததுதான் இந்த நாற்பது நாளும் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

அதனால்தான் இன்று இது நடந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ரூஹியின் சாக்லேட் அவருடைய விரிப்பில், அவர் கையாலேயே, பிரியாணிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓதின பிறகு முதல் துண்டை அவர் சாப்பிட வேண்டும். சுகர் நானூறுக்குப் போனாலும் சரி.

வெளியே சந்தில் அப்துல் கய்யூம் அண்டாவை ஏற்றியிருந்தான். இருபது வருஷமாக மெஹபூப் பாஷாவிடம் வேலை செய்கிறவன், இன்றுதான் முதல் தடவையாக முழுப் பொறுப்பும் அவன் கையில். வெங்காயம் பொன்னிறமாகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட வேண்டும் என்று அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கய்யூம் ஒரு முறை ஜன்னலில் தலையை நீட்டி, "உஸ்தாத், உப்பு ஒருவாட்டி பாத்துடறீங்களா?" என்றான். "நீயே பாரு" என்றார். கய்யூம் பயந்துபோய்ப் போய்விட்டான்.

தௌசீஃப் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தான். தி.நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுகிற பையன், இன்று காலரில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது, கவனிக்கவில்லை. பெட்டியில் வறுத்த கடலை ஒரு டப்பா, பாதாமும் முந்திரியும் ஒரு டப்பா, பிறகு சௌகார்பேட்டையில் வாங்கிய சாக்லேட் கட்டி. அதை ரூஹியே உடைத்து, எடை போட்டு, பிளாஸ்டிக் பையில் மூடி, மேலே சீட்டு ஒட்டியிருந்தாள். 'ஞாயிறு ஆர்டர்' என்று எழுதியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"எப்டி பண்றதுன்னு எழுதி வெச்சிருக்காளா?" என்று கேட்டார்.

"எழுதல மாமா. ஆனா அந்த மீன்கார அக்கா கத்துக்குடுன்னு கேட்டாங்களாம். தடைக்காலத்துல கடலுக்குப் போக முடியாது இல்ல, அப்ப வீட்ல ஏதாவது செஞ்சு விக்கலாம்னு. அவங்களுக்கு ரூஹி வாய்ஸ்ல அனுப்பியிருக்கா. உங்களுக்கு அனுப்பிட்டேன், கேளுங்க." அவன் ஒரு நொடி நின்றான். "நான் இருக்கல மாமா. கேட்டுட்டு கூப்பிடுங்க." ஷாமியானா கட்டுகிறவர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

மெஹபூப் பாஷா கதவைச் சாத்தினார். போனை மேடைமேல் வைத்து, விரலால் ஒரு முறை தொட்டார்.

"தேவானக்கா, சொல்றேன் கேட்டுக்கோ" என்று ரூஹி பேசினாள். பின்னால் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. "மொதல்ல கடலை, பாதாம், முந்திரி எல்லாத்தையும் அடியில கொட்டிடு. மேல சாக்லேட்ட ஒடச்சுப் போடு. கிளறாத. லோவுல வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் தொறக்காத. எட்டிக்கூடப் பாக்காத. அப்பறம் முக்கியமான விஷயம், மூடிக்குக் கீழ ஒரு துணி போடணும். அது எங்கப்பா கிட்ட திருடினது. அவரு தம் போடும்போது..."

அவர் சட்டென்று போனை அமுக்கி நிறுத்தினார்.

இரண்டு கையையும் மேடைமேல் ஊன்றிக்கொண்டு நின்றார். உயிரோடு இருந்தபோது அவள் அவரைப் பற்றி இன்னொருவரிடம் எப்படிப் பேசுவாள் என்று அவர் யோசித்ததே இல்லை. திட்டுவாள் என்று நினைத்திருக்கலாம். எங்கப்பா என்று இவ்வளவு சாதாரணமாக, இவ்வளவு உரிமையாக, ஒரு மீன்காரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் கேட்டால் இன்று எந்த வேலையும் நடக்காது என்று தோன்றியது. தவிர, கேட்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? தம் துணியைப் பற்றி உலகத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் சொன்னபடி செய்தார். கடலை, பாதாம், முந்திரி. மேலே சாக்லேட். சீட்டைக் கிழிக்காமல் பையைப் பிரித்து, காலிப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கைசர் ஜஹானிடம் ஒரு வெள்ளைத் துணி வாங்கி, நாலாக மடித்து, தண்ணீரில் முக்கி எடுத்து, பிழிந்தார். ஆயிரக்கணக்கான தடவை செய்த காரியம். கை தானாகவே செய்தது. அதிகம் பிழிந்தால் ஆவி தப்பும், குறைவாகப் பிழிந்தால் சொட்டும். தொட்டியின் வாயில் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களை இழுத்து விட்டு, கண்ணாடி மூடியை அழுத்தி வைத்தார். பழக்கதோஷத்தில் மூடிமேல் போட நெருப்புத்துண்டு தேடிக் கண் போயிற்று. தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு குமிழைத் திருப்பினார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தம்மில் இருக்கிற அண்டாவை விட்டு நகரக்கூடாது என்பது அவர் கொள்கை. அண்டாவாக இருந்தால் காதை வைத்தால் பேசும். உள்ளே தண்ணீர் எவ்வளவு மிச்சம், அடி பிடிக்கிறதா இல்லையா, எல்லாம் சொல்லும். இது ஊமை. கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் அரைமணி கழித்து வாசனை வந்தது. அவர் எதிர்பார்த்த மிட்டாய்க்கடை வாசனை இல்லை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மண், நடுவில் வறுத்த கடலை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு வருஷமாக அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்த வாசனை இருந்திருக்கும். அவர் வாசலில் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவார்.

ஒரு மணி நேரத்தில் கைசர் ஜஹான் வந்து, "ஒரு தபா தொறந்து பாருங்களேன்" என்றாள்.

"தொறக்கக் கூடாது. அவ சொல்லிட்டா" என்றார்.

அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. கைசர் ஜஹான் அதைக் கவனித்தாள். இந்த நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மாங்காய் நறுக்க ஆரம்பித்தாள். இருவரும் ஒரே அறையில், அந்த வாசனையில் உட்கார்ந்திருந்தார்கள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. அவர் அங்கேயே ஓரமாகத் துண்டு விரித்துத் தொழுதார்.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் பிஸ்மில்லா சொல்லி மூடியைத் தூக்கினார்.

துணியின் நடுப்பகுதி ஈரத்தால் தொய்ந்து கீழே இறங்கியிருந்தது. அதன் அடியில் துளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அவர் கண்ணெதிரிலேயே விழுந்தது. உள்ளே பளபளவென்று உருகி நிற்க வேண்டிய சாக்லேட் சாம்பல் பூத்துத் திப்பிதிப்பியாக இறுகிக் கிடந்தது. கரண்டியை விட்டுக் கிளறினார். கிளறக் கிளற இன்னும் கெட்டியாயிற்று. மணல் கலந்த சேறு மாதிரி கடலையைக் கவ்விக்கொண்டு கரண்டியோடு மொத்தமாகச் சுற்றியது. ஒரு சமையல்காரனுக்கு அதைப் பார்க்க விளக்கம் வேண்டாம். கெட்டுப்போயிற்று.

"இன்னா ஆச்சு?" என்று கைசர் ஜஹான் எழுந்து வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் போனை எடுத்தார். இரண்டு முறை தப்பாகத் தொட்டார். மூன்றாவது முறை, நிறுத்திய இடத்திலிருந்து ரூஹி பேசினாள்.

"...துணி போட்டு மூடுவாரு இல்ல, அதப் பாத்துதான் எனக்கே தோணிச்சு. ஆனா அவரு ஈரத்துணி போடுவாரு. நீ போட்டுடாத அக்கா. இதுக்கு நல்லா காஞ்ச துணி. மூடியில வேர்க்கிற தண்ணிய அந்தத் துணி குடிச்சுக்கணும், அதுக்குத்தான். ஒரு சொட்டு உள்ள விழுந்தா அவ்ளோதான், களிமண்ணு. அப்பறம் யாரு வந்தாலும் சரி பண்ண முடியாது, எங்கப்பாவே வந்தாலும்." சிரித்தாள். நந்தனத்தில் சிரித்த அதே சிரிப்பு. "சரி, சனிக்கிழமை வஞ்சிரம் வந்தா ஒரு கிலோ எடுத்து வை. துண்டு சின்னதா போடு. போனவாட்டி மாதிரி செருப்பு சைஸுக்கு வெட்டாத."

அத்தோடு முடிந்தது. கைசர் ஜஹான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதவள் நடுவில், "செருப்பு சைஸு" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதாள்.

குரல் கேட்டு உள்ளே வந்த தௌசீஃப் தொட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "பரவால்ல மாமா. நான் வண்டி எடுத்துட்டுப் போய் வேற சாக்லேட் வாங்கிட்டு வரேன். கடலையும் வாங்கிடலாம். அஸருக்கு இன்னும் டைம் இருக்கு" என்றான்.

"வேணாம்."

"இல்ல மாமா, ஒரு மணி நேரத்துல..."

"அது அவ வாங்கினது தௌசீஃப். அவ கையால ஒடச்சு வெச்சது. நீ புதுசா வாங்கினு வந்து நான் பண்ணா, அது என் சமையல். என் சமையல் யாருக்கு வேணும் இன்னைக்கு?"

கைசர் ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "நான் கொட்டிடறேன். அல்வா இருக்குது, அது போதும்."

"கொட்டாத" என்றார். "வெக்கணும்."

"இதையா? ஜனங்க முன்னாடி?"

முப்பது கிலோ பிரியாணியை நிறுத்திவைத்த மனுஷர், கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு (இப்போது துடைத்து என்ன பிரயோஜனம்) அந்தச் சேற்றை எலுமிச்சை அளவு பிடித்துப் பிடித்துத் தட்டில் வைத்தார். உருண்டை நிற்கவில்லை. பிளந்துகொண்டது. மறுபடி சேர்த்துப் பிடித்தார். சாக்லேட் அவர் உள்ளங்கை ரேகைகளில் ஏறியது. நாற்பத்திரண்டு உருண்டைகள் வந்தன. ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வந்துவிட்டார்கள். சந்தில் ஷாமியானாவின் கீழ் ஆண்கள், வீட்டுக்குள் பெண்கள். வெள்ளை விரிப்பில் பிரியாணி, தால்ச்சா, அல்வா, மாங்காய், நடுவில் அந்தத் தட்டு. ஹஜ்ரத் ஓதினார். எல்லோரும் கையேந்தினார்கள். மெஹபூப் பாஷாவும் ஏந்தினார். அவளுடைய கப்ருக் குழியை விசாலமாக்கு என்று ஹஜ்ரத் கேட்டபோது ஆமீன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒப்புக்கொள்வதென்றால் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே.

ஓதி முடிந்ததும் அவர் முதல் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மணல். மணலுக்குள் இனிப்பு. ஈரத்தில் ஊறிய கடலை பல்லில் நொறுங்காமல் நசுங்கியது. மென்று விழுங்கினார். பிறகு தட்டைத் தானே தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நீட்டினார். எந்தப் பந்தியிலும் அவர் பரிமாறியதில்லை. அடுப்பங்கரையைத் தாண்டி வருவது மாஸ்டருக்கு அழகில்லை என்பார். அவர் நீட்டினால் யார் மறுப்பார்கள்? எடுத்தார்கள், சாப்பிட்டார்கள், "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு பாய்" என்றார்கள். கய்யூம் இரண்டு சாப்பிட்டான். எல்லோரும் பொய் சொன்னார்கள். அந்த அன்பைத் தாங்குவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது.

வீட்டு வாசலில் ஒரு பெண் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இந்த மாதிரி விசேஷத்துக்கு என்ன உடுத்துவது என்று தெரியாமல் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் வைத்திருந்த மல்லிகையை, மற்றப் பெண்களைப் பார்த்ததும், அவசரமாக எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையில் ஆப்பிளும் வாழைப்பழமும் ஒரு பையில்.

"தேவானைங்க. பட்டினப்பாக்கம். ரூஹி வூட்டுக்காரர் போன் பண்ணி சொன்னாரு" என்றாள்.

கைசர் ஜஹான் வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள். மெஹபூப் பாஷா தட்டோடு பின்னால் போனார். தேவானை ஒரு உருண்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். மெல்லுவது மெதுவாகி நின்றது. முழுங்கினாள். பக்கத்திலிருந்த பெண்களைப் பார்த்துவிட்டு, பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. இது ரூஹி செஞ்சது இல்ல."

"இல்ல" என்றார் மெஹபூப் பாஷா. "நான் செஞ்சது."

"தண்ணி பட்டுச்சா?"

"பட்டுடுச்சு. ஈரத்துணி போட்டுட்டேன்."

"அய்ய, அத்த போடாத போடாதன்னு எத்தினி தபா சொல்லிச்சு அந்தப் பொண்ணு" என்றாள் தேவானை. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து, கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவருக்கு ஏனோ மூச்சு சீராக வந்தது. இந்தச் சந்தில் முப்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லவில்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, முட்டி வலிக்க, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ கத்துக்கினு செஞ்சு பாத்தியாம்மா?"

"ரெண்டு தபா செஞ்சேன் பாய். அந்த மெஷின் என்கிட்ட இல்லியே, சுடுதண்ணில சட்டி வெச்சு செஞ்சேன். சாக்லேட்டு வந்துச்சு. அது வரல."

"அவ செஞ்சா எப்டி இருக்கும்?"

தேவானைக்குக் கேள்வி புரியவில்லை. "எப்டி இருக்கும்னா? நீங்க துன்னுக்கீறீங்க இல்ல?"

சுகர் என்று சொல்லியிருக்கலாம். நாலு வருஷமாக நாக்கில் தயாராக இருக்கிற வார்த்தை. கைசர் ஜஹான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார். "ஒரு தபா கூட."

தேவானை அவரை ஏன் என்று கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மீனைப் பற்றிச் சொல்கிற மாதிரி, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"வாயில போட்டா மொதல்ல உப்பு பாய். இனிப்பு ஒடனே வராது. கொஞ்சம் நின்னுட்டுதான் வரும். நடுவுல ஒரே ஒரு கடலை கருகினா மாதிரி கசக்கும். நான் கூட கேட்டேன், இன்னாம்மா தீஞ்சத பொறுக்கிப் போட மாட்டியான்னு. வேணும்னேதான் அக்கா கருக்கிப் போடறேன், கசப்பு இருந்தாத்தான் அடுத்தது கை போவும்ன்னுச்சு."

மெஹபூப் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். உப்பை முன்னால் விட்டு, இனிப்பை நிறுத்தி, நடுவில் ஒரு கசப்பைச் சொருகுவது பிளக்கைப் போட்டுவிட்டு டிவி பார்க்கிறவள் செய்கிற வேலை இல்லை. அது சமையல்காரி செய்கிற வேலை. இதை ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அவளே நின்று, ருசித்து, கெடுத்து, மறுபடி செய்து கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த நாலு வருஷமும் ஒரு மைல் தள்ளி அவர் உயிரோடுதான் இருந்தார். அவருக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் இன்னா. ஒடச்சா சத்தம் வரும் பாய், இதுமாரி பிசுபிசுன்னு இருக்காது. காலைல குளிர்ல ஒடச்சா நல்லா கேக்கும். கடையாண்ட வந்து நிக்குமா, டப்பாவத் தொறக்கும், நான் மீன் கையோட இருப்பேன், எனுக்கு அதுவே ஒடச்சு ஊட்டிவுடும். ஒரு பாதி எனுக்கு, ஒரு பாதி அதுக்கு. இப்டி."

தேவானை இரண்டு கைகளையும் முகத்துக்கு எதிரே தூக்கினாள். விரல்நுனிகளுக்கு நடுவில் ஒரு துண்டு இருப்பது போலப் பிடித்து, ஒரு கணம் நிறுத்தி, உடைத்தாள். ஒரு பாதி அவள் இடது கையில் இருந்தது, ஒரு பாதி வலது கையில்.

மெஹபூப் பாஷா உள்ளங்கையை நீட்டினார்.